வீட்டு சர்வர் குறிப்பேடு: எதை எழுதுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள்?

கொங்குசர்வர்

வணக்கம் நண்பர்களே. என் வீட்டு சர்வரின் அமைப்பு முழுவதையும் எழுதி வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். எந்த மினி பிசி வாங்கலாம், எந்த டிஸ்க் சத்தம் போடாது என்றெல்லாம் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. கட்டி முடித்ததை எப்படி எழுதி வைப்பது என்று தனியாகப் பேசியதில்லை. என் முறையை இங்கே வைக்கிறேன். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

இருப்பது இவ்வளவுதான். பழைய ஆபீஸ் மினி பிசி ஒன்று, 16 ஜிபி ரேம், அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்). உள்ளே ஒரு டெபியன் 12 (லினக்ஸ்) விஎம், அதாவது மெய்நிகர் கணினி; அதில் ஒவ்வொரு சேவையையும் தனிக் கண்டெய்னராக ஓட்டும் டாக்கர். போட்டோக்களுக்கு இம்மிச், படம் பார்க்க ஜெல்லிஃபின், பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன், எல்லாவற்றுக்கும் முன்னால், வரும் கோரிக்கையை உரிய சேவைக்கு அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியாகக் கேடி. 4 டிபி டிஸ்க் இரண்டு, இசட்எஃப்எஸ் மிரர் (இரண்டிலும் ஒரே தரவு). தனியாக ஒரு ராஸ்பெர்ரி பை 4, அதில் வீட்டின் டிஎன்எஸ்ஸாக (தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) நின்று விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல். எங்கள் இணைய இணைப்பில் கிடைப்பது சிஜிநாட் முகவரி, பல வாடிக்கையாளர்களுக்கும் பொதுவானது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ் (வெளியே இருக்கும் மெய்நிகர் சர்வர்) நடுவில் நின்று, வயர்கார்டு விபிஎன் வழியாக வீட்டை இணைக்கிறது.

இது என் பொழுதுபோக்கு என்ற நிலை எப்போதோ தாண்டிவிட்டது. அம்மாவின் போட்டோக்கள், மனைவியின் பாஸ்வேர்டுகள், அப்பா ஸ்கேன் செய்து வைத்த பட்டா, சிட்டா, இன்சூரன்ஸ் பத்திரங்கள் எல்லாம் இதில் இருக்கின்றன. நான் ஊரில் இல்லாத நாளில் இது நின்றால் யார் என்ன செய்வது?

என் முறை இது: ஒரு கிட் ரெப்போ (மாற்ற வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் இடம்), எல்லாம் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவம், ஒரு சேவைக்கு ஒரு கோப்பு. ஒன்றை அப்படியே போடுகிறேன்:

> இம்மிச்
> எதற்கு: குடும்பப் போட்டோக்கள். வீட்டில் எல்லோருடைய போனிலிருந்தும் தானாக ஏறுகிறது.
> எங்கே: டெபியன் விஎம், 192.168.1.20, போர்ட் 2283.
> தரவு: படங்கள் இசட்எஃப்எஸ் பூலில். டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில். இரண்டும் இருந்தால்தான் மீட்க முடியும். படம் மட்டும் இருந்தால் ஆல்பமும் முகப் பெயர்களும் போய்விடும்.
> ஏன் டேட்டாபேஸ் தனியே: படங்கள் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஷேர் வழியாக வருகின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நெட்வொர்க் ஷேரில் வைக்கக் கூடாது.
> தொடக் கூடாதது: போஸ்ட்கிரெஸ் இமேஜின் பதிப்பு எண். மேஜர் பதிப்பு மாறினால் பழைய டேட்டா கோப்புறையை அது திறக்காது. டம்ப் (முழு நகல்) எடுத்துத்தான் ரீஸ்டோர் செய்ய வேண்டும்.
> மீட்பு: ரெஸ்டிக் பேக்கப்பிலிருந்து படங்கள், டம்ப் கோப்பிலிருந்து டேட்டாபேஸ், அப்புறம் கம்போஸ் அப் (கண்டெய்னர்களை எழுப்பும் கட்டளை).

"ஏன்", "தொடக் கூடாதது" என்ற இரண்டு தலைப்புகளும் எல்லாக் கோப்பிலும் கட்டாயம். மற்றவை தேவைப்பட்டால் மட்டும்.

நிக்ஸ்பிரியர்

நல்ல முயற்சி. ஆனால் அடிப்படையிலேயே எனக்கு வேறு கருத்து. கையால் எழுதிய குறிப்பு என்றைக்காவது பொய்யாகிவிடும். இரவு 11 மணிக்கு ஒரு போர்ட்டை மாற்றுவீர்கள், குறிப்பை நாளை திருத்தலாம் என்று படுத்துவிடுவீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குறிப்பை நம்பி வேலை செய்பவர் குறிப்பே இல்லாதவரைவிட மோசமான இடத்தில் நிற்பார்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸைப் போடுங்கள். மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்பது முழுக்க ஒரு கான்ஃபிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை மாற்றித்தான் மெஷினின் அமைப்பை மாற்றுவீர்கள் என்பதால் இரண்டும் பிரிந்துபோக வாய்ப்பு மிகக் குறைவு. நிக்ஸ் வேண்டாமென்றால், கோப்பில் எழுதிய அமைப்பை மெஷினில் செய்து வைக்கும் அன்சிபில். குறைந்தபட்சம் கண்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்புகளையாவது கிட்டில் வையுங்கள். 192.168.1.20 என்று மார்க்டவுனில் திரும்ப எழுதுவது எதற்கு? அது ஏற்கெனவே வேறு ஓர் இடத்தில் இருக்கிறதே.

நெட்வொர்க்கர்

நிக்ஸ்பிரியர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி ஆபத்து.

கான்ஃபிக் "என்ன" என்பதைச் சொல்லும். "ஏன்" என்பதைச் சொல்லாது. என் வயர்கார்டு கான்ஃபிக்கில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1412 என்று ஒரு வரி இருக்கிறது. பார்ப்பவருக்கு அது ஏதோ ஓர் எண். வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. என் இணைப்பு பிபிபிஓஈ என்ற வகை. அதற்கே 8 பைட் போய்விடுவதால் 1500 என்பது 1492 ஆகிறது; அதிலிருந்து வயர்கார்டுக்கான 80 பைட் போக மிஞ்சுவது 1412. இது தெரியாத ஒருவர் "வழக்கத்துக்கே மாற்றுவோம்" என்று 1420 போட்டால் உடனே எதுவும் உடையாது. பிங் போகும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் போகும் வழி) உள்ளே நுழையும். பெரிய கோப்பு ஏற்றும்போது மட்டும் பாதியில் நின்றுவிடும். காரணத்தைத் தேடி இரண்டு ராத்திரி போகும். அந்த வரிக்கு மேலே ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் போதும்.

பெரிய மென்பொருள் அணிகளில் முடிவுப் பதிவு என்று ஒரு வழக்கம் உண்டு. மைக்கேல் நைகார்டு 2011-இல் எழுதிப் பரவிய முறை. சூழல் என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன விளையும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுவார்கள். பழைய பதிவைத் திருத்த மாட்டார்கள். முடிவு மாறினால் புதிதாக ஒன்று எழுதி, பழையதில் "மாற்றப்பட்டது" என்று குறிப்பார்கள். வீட்டுக்கு இந்த வடிவம் நன்றாகப் பொருந்தும். காரணங்கள் எண்களைப் போலச் சீக்கிரம் பழசாவதில்லை.

கொங்குசர்வரிடம் இரண்டு விஷயம். ஒன்று, வீட்டுக்கு 192.168.1 வரிசை வேண்டாம். பாதி ரவுட்டர்கள் அதோடுதான் வருகின்றன. மாமியார் வீட்டு வைஃபையிலிருந்து விபிஎன் போட்டால் அங்கேயும் அதே வரிசை இருக்கும், உங்கள் 192.168.1.20 அந்த வீட்டுக்குள்ளேயே தேடப்படும். 10-இல் தொடங்கும் வரிசையில் யாரும் எடுக்காத ஏதாவது ஒன்றை எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

இரண்டு, விஎம் பேக்கப் எடுத்தால் ப்ராக்ஸ்மாக்ஸும் அதில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. ஹோஸ்ட்டின் சொந்த அமைப்பு, அதாவது நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் கோப்பு, ஸ்டோரேஜ் வரையறை, எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க் எந்தக் கோப்புறையில் இணையும், அதாவது மவுன்ட் ஆகும் என்ற பட்டியல்) எல்லாம் விஎம் பேக்கப்புக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைத் தனியாக நகல் எடுக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸும் அடியில் டெபியன்தான் என்பதால் ஈட்டிசிகீப்பர் போட்டால், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈட்டிசி கோப்புறை முழுவதையும் கிட்டில் வைத்துக்கொள்ளும். ஆனால் விஎம் வரையறைகள் இருக்கும் பிவிஈ கோப்புறை ஓர் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பிலிருந்து மவுன்ட் ஆவது. அதைச் சாதாரணக் கோப்புகளாக நகலெடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டியில் புதிதாக ஒரு என்விஎம்ஈயோ பிசிஐ கார்டோ செருகினால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடலாம். அந்தப் பெயரில் இருக்கும் எண் பிசிஐ பஸ் எண்ணிலிருந்து வருகிறது. 3 இருந்த இடத்தில் 4 வந்து உட்காரும். விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், பெட்டி நெட்வொர்க்கிலிருந்தே காணாமல் போகும். டிஸ்க் சேர்த்தவர் டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுவார். "கார்டு செருகினால் மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும், இன்டர்ஃபேஸ் பெயரைப் பார்" என்பது தொடக் கூடாததற்குக் கீழே வர வேண்டிய வரி.

இரவுப்பணி

டேட்டா சென்டரில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்தக் கிட் ரெப்போ எங்கே இருக்கிறது? அதே மினி பிசியில் ஃபோர்ஜெஜோ என்ற கிட் சர்வரை ஓட்டி அதில் வைத்திருக்கிறீர்களா?

அப்படியென்றால் சர்வர் விழும்போது சர்வரை எழுப்பும் வழியும் சேர்ந்து விழும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்க நின்றதே, அதில் இதுவும் ஒரு பங்கு. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. டிஎன்எஸ் வெளியிலிருந்து எட்டாமல் போனது. பழுதைப் பார்க்க அவர்கள் பயன்படுத்தும் உள் கருவிகள் பலவும் அதே நெட்வொர்க்கையும் டிஎன்எஸ்ஸையும் நம்பி இருந்ததால் அவையும் நின்றன. கடைசியில் ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் இதே வட்டம் சின்ன அளவில் இருக்கிறது. ரெஸ்டிக் பேக்கப்பின் பாஸ்வேர்டு எங்கே? வால்ட்வார்டனில். வால்ட்வார்டன் எங்கே? சர்வரில். சர்வர் போனால் அதை மீட்க எது வேண்டும்? ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு. ரெஸ்டிக் எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்துதான் வைக்கும். பாஸ்வேர்டு தொலைந்தால் எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. ரெப்போவை வெளியே கிளவுடில் வைத்தாலும், ராஸ்பெர்ரி பை செத்துவிட்டால் வீட்டில் டிஎன்எஸ் கிடையாது. லேப்டாப்பில் பக்கம் திறக்காது.

ஆகவே மூன்று இடம். வெளியே ஒரு ரெப்போ, லேப்டாப்பில் அதன் குளோன், அப்புறம் காகிதம். காகிதத்தில் எல்லாம் வேண்டாம். மீட்பைத் தொடங்கத் தேவையானவை மட்டும். ரெஸ்டிக் பாஸ்வேர்டு, பேக்கப் எங்கே இருக்கிறது, ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு, டொமைன் யாரிடம் எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது. உறையில் போட்டு, பட்டா இருக்கும் அதே பீரோவில் வையுங்கள்.

ரகசியங்கள் ரெப்போவுக்குள் போகவே கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன். பாஸ்வேர்டுகள் இருக்கும் என்வ் கோப்பை ஒரு தடவை கமிட் செய்துவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் சாப்ஸ், ஏஜ் என்ற இரண்டு கருவிகளையும் சேர்த்து என்கிரிப்ட் செய்து வையுங்கள். அந்த ஏஜ் சாவியும் உறையில் இருக்க வேண்டும்.

யாழ்_லினக்ஸ்

மின்வெட்டுக்குப் பிறகு எது எந்த வரிசையில் எழும்பும் என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கட பக்கம் அதுதான் அன்றாடப் பிரச்சினை.

வரிசை எழுதப்பட்டிருக்க வேணும்: ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி), ரவுட்டர், ராஸ்பெர்ரி பை, ப்ராக்ஸ்மாக்ஸ், அதற்குள் விஎம், அதற்குள் டாக்கர். பயோஸில் கரண்ட் திரும்பினதும் தானாக ஆன் ஆகச் சொல்லும் அமைப்பு எந்த மெனுவில் இருக்கு என்பதும். மதர்போர்டில் இருக்கும் சீமோஸ் பேட்டரி போனால் அந்த அமைப்பே அழிந்துவிடும், அதனால் பயோஸ் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

கொங்குசர்வரின் குறிப்பில் படங்கள் என்எஃப்எஸ் வழியாக வருகின்றன என்று பார்த்தேன். ஷேர் எழும்ப முதல் டாக்கர் எழும்பினால் என்ன நடக்கும்? மவுன்ட் ஆக வேண்டிய இடத்தில் வெறும் கோப்புறை இருக்கும். கண்டெய்னருக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வெறும் கோப்புறையில் எழுதத் தொடங்கும். விஎம்மின் சின்ன எஸ்எஸ்டி நிரம்பும். பிறகு ஷேர் மவுன்ட் ஆனால் எழுதினது எல்லாம் அதற்கு அடியில் மறைந்துவிடும். இம்மிச் புதிய பதிப்புகளில் தன் கோப்புறைகளுக்குள் ஓர் அடையாளக் கோப்பைத் தேடும், இல்லையென்றால் எழும்ப மறுக்கும். "இம்மிச் எழும்பவில்லை" என்று திட்டுகிறவர்கள் பலருக்கு அது செய்தது நன்மை. மற்ற சேவைகளில் அந்தக் காவல் இல்லை. அதனால் டாக்கர் சேவை மவுன்டுக்காகக் காத்திருக்கும்படி, லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் வையுங்கோ.

எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடியால் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்வது) போடாத ஒரு யுஎஸ்பி டிஸ்க் கழன்றிருந்தால் சிஸ்டம்டி 90 விநாடி பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். மானிட்டர் இல்லாத பெட்டியில் அது செத்த மாதிரித்தான் தெரியும்.

புதுவரவு

இவ்வளவையும் படித்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய லேப்டாப், அதில் ஜெல்லிஃபினும் கோப்பு பகிர ஒரு சாம்பா ஷேரும் மட்டும்தான். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா அண்ணா? எங்கிருந்து தொடங்குவது?

நெட்வொர்க்கர்

வேண்டாம் தம்பி. ஒரே ஒரு கோப்பு போதும். அதில் இன்ஸ்டால் செய்யும்போது கொடுத்த கட்டளைகளை அப்படியே ஒட்டிக்கொண்டே போங்கள். அழகுபடுத்த வேண்டாம். எங்காவது அரை மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் விடை கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது மெஷின் வரும் நாளில் அதைக் கோப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க்கில் இருப்பதையெல்லாம் பதிவு செய்யும் நெட்பாக்ஸ் மாதிரி கருவிகளை இப்போதே போட்டுவிடாதீர்கள். அது டிஜிட்டல்ஓஷனில் பிறந்து 2016-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கானது. ஒரு லேப்டாப்புக்கு அதைப் போட்டால் நெட்பாக்ஸுக்கே தனியாக ஓர் ஆவணம் எழுத வேண்டி வரும்.

மாலுமிவீடு

நான் சர்வர் கட்டுபவள் இல்லை. கட்டியவரின் வீட்டில் இருப்பவள். என் கணவர் வணிகக் கப்பலில் வேலை செய்கிறார். கடலில் இருக்கும்போது சில நேரம் நாள் கணக்கில் பேச முடியாது. அவர் எனக்கென்று ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு நாள் வீட்டில் இன்டர்நெட் மொத்தமாகப் போனது. பையனுக்கு ஆன்லைன் தேர்வு. கையேட்டைத் திறந்தால் முதல் வரி: "பை-ஹோலுக்குள் எஸ்எஸ்எச் செய்து சேவையின் நிலையைப் பார்க்கவும்." எனக்கு அது அந்த இடத்திலேயே மூடிய கதவு. அன்று உதவியது கடைசிப் பக்கத்தில் அவர் பேனாவால் எழுதியிருந்த இரண்டு வரிதான். ரவுட்டர் பக்கத்தில் எங்கே போக வேண்டும், டிஎன்எஸ் என்ற கட்டத்தில் இருக்கும் எண்ணை அழித்துவிட்டு 8.8.8.8 என்று போட வேண்டும். செய்தேன், வந்துவிட்டது. விளம்பரங்களும் சேர்ந்து வந்தன, அவ்வளவுதான். தேர்வு நடந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது சர்வரைச் சரிசெய்யும் வழி இல்லை. சர்வர் இல்லாமல் அன்றைய நாளை ஓட்டும் வழி. எதைப் பிடுங்கலாம், எதைப் பிடுங்கவே கூடாது, எது நின்றாலும் கவலைப்படாமல் அவர் வரும்வரை விடலாம், எதற்கு மட்டும் யாரைக் கூப்பிட வேண்டும். இதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிளக்குகளில் பெயர் ஒட்டுங்கள். ஒயர்களைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு வையுங்கள். போட்டோ சர்வரிலேயே இருந்தால் எப்படிப் பார்ப்பேன்?

நிக்ஸ்பிரியர்

சகோதரி சொன்னதற்குப் பிறகு என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அந்த இரண்டு வரிகளை எந்தக் கான்ஃபிக் கோப்பும் தராது.

ஆனால் மற்ற பக்கங்களைப் பற்றி நான் சொன்னது நிற்கிறது. ஐபி, போர்ட், பதிப்பு எண் மாதிரி மெஷினே சொல்லக்கூடியவற்றைக் கையால் நகலெடுக்காதீர்கள். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் ராத்திரி ஓடி, ஓடும் கண்டெய்னர்கள், திறந்திருக்கும் போர்ட்கள், இசட்பூல் (இசட்எஃப்எஸ் பூல்) நிலை, டிஸ்க்குகளின் சீரியல் எண் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, மாற்றம் இருந்தால் கமிட் செய்யட்டும். சீரியல் எண் முக்கியம். மிரரில் ஒரு டிஸ்க் செத்தால் இரண்டு டிஸ்க்கில் எது செத்தது என்று பெட்டியைத் திறந்தவருக்குத் தெரிய வேண்டும். நல்லதைப் பிடுங்கினால் மொத்தமும் நின்றுவிடும், செத்தது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டால் தரவும் போய்விடும். சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை டிஸ்க்கின் முன்பக்கம் ஒட்டி வையுங்கள்.

இரவுப்பணி

அந்த ஸ்க்ரிப்ட் நின்றுபோனால் எப்படித் தெரியும் என்பதையும் யோசியுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட் ரெப்போக்களை வைக்கும் சேவையான கிட்லாபில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் பேக்கப் வைக்கும் இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2, அதனால் ஒவ்வொரு தடவையும் தோல்விதான். தோல்வியைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் (மெயில் அனுப்பியவரைச் சரிபார்க்கும் முறை) சிக்கலில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் பதிவு) காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்கு என்றும் என் மரியாதை உண்டு.

வீட்டுக்கு: தோல்வியைச் சொல்லும் மெயிலை நம்பாதீர்கள். வெற்றி வந்தால் ஒரு பிங் போகட்டும். பிங் வராவிட்டால் வெளியே உள்ள ஒரு சேவை உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒன்று, உங்கள் விபிஎஸ்ஸிலேயே ஓட்டலாம். அப்புறம், மீட்டுப் பார்த்த தேதியைக் குறிப்பில் எழுதுங்கள். "மீட்பு" என்ற தலைப்பின் கீழ் தேதி இல்லாத கோப்பை நான் வெறும் எண்ணம் என்றுதான் கணக்கில் வைப்பேன்.

கொங்குசர்வர்

எல்லோருக்கும் நன்றி. ரெப்போ இதுவரை சர்வரில்தான் இருந்தது. இன்று வெளியே நகர்ந்துவிட்டது. ஐபி, போர்ட் வரிகளை ஸ்க்ரிப்டிடம் விட்டுவிடுகிறேன். 10 வரிசைக்கு மாறுவது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை, அடுத்த மாதம். டாக்கர் மவுன்டுக்குக் காத்திருக்கும்படி மாற்றி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், வரிசையாக எழுந்தது.

வீட்டுக்கான முதல் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். மாலுமிவீடு சகோதரி படித்து எங்கே தடுக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்:

> 1. இன்டர்நெட் இல்லை என்றால் முதலில் ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். எரிந்தால் நம் வீட்டில் பிரச்சினை இல்லை. பில்லில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடு.
> 2. சிவப்பு இல்லை என்றால் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 ஆக்கு. படம் பின்பக்கம்.
> 3. போட்டோ ஆப் திறக்கவில்லை என்றால் விட்டுவிடு. படங்கள் போனிலேயே இருக்கும். ஆனால் நான் வரும்வரை போனில் "இடத்தைக் காலி செய்" என்று எது கேட்டாலும் அழுத்தாதே.
> 4. பாஸ்வேர்டு ஆப் போனில் ஏற்கெனவே சேமித்ததைக் காட்டும். புதிதாகச் சேமிக்காது. அதுவரை டைரியில் எழுது.
> 5. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிளக்கைப் பிடுங்கலாம். சிவப்பு ஸ்டிக்கரைப் பிடுங்காதே.

மாலுமிவீடு

3 அருமை. அதை நான் என் கையேட்டிலும் சேர்க்கிறேன், அந்த அழுத்தக் கூடாத பட்டன் எனக்கு யாரும் சொல்லாதது.

1-இல் ஓஎன்டி எது, ரவுட்டர் எது? எங்கள் வீட்டில் இரண்டும் வெள்ளைப் பெட்டி, இரண்டிலும் விளக்கு எரியும். "டிவிக்குப் பின்னால் சுவரில் அடித்திருப்பது", "அலமாரி மேல் இரண்டு கொம்போடு இருப்பது" என்று எழுதுங்கள். 5-இல் சிவப்பு ஸ்டிக்கர் என்கிறீர்கள், 1-இல் சிவப்பு விளக்கு என்கிறீர்கள். பதற்றத்தில் இரண்டும் குழம்பும். ஸ்டிக்கரை மஞ்சளாக மாற்றுங்கள். தீ, புகை நாற்றம் வந்தால் எந்த ஸ்டிக்கராக இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைக்கலாம் என்பதை எல்லாவற்றுக்கும் மேலே போடுங்கள். சிவப்பைப் பிடுங்காதே என்று நீங்கள் எழுதியதைப் படித்த உங்கள் அம்மா அந்த நேரத்தில் தயங்கக் கூடாது.